முதல் இன்டர்னலுக்குப் பிறகு: அரசுப் பள்ளியிலிருந்து பொறியியல் கல்லூரிக்கு வந்த மாணவர் – ஒரு நிகழ்வு ஆய்வு

முதலாண்டு மாணவர் ஒருவர் தடுமாறினால் வீட்டிலும் கல்லூரியிலும் உடனே மூன்று காரணங்கள் சொல்லப்படும்: இங்கிலீஷ் வராது, பேஸிக்ஸ் இல்லை, எந்நேரமும் செல்போன். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஆங்கிலவழியில் படித்தவர்களும், பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும், போனை அளவாகத் தொடுகிறவர்களும் அதே வாரத்தில், அதே பாடத்தில் சறுக்குவதை முதலாண்டு வகுப்பு எடுக்கும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பள்ளி இரண்டு வருடம் வெளியிலிருந்து தாங்கிப் பிடித்த ஒழுங்கு ஒரே நாளில் விலகுகிறது, மாணவர் தனியாக உட்கார்ந்து பழைய முறையிலேயே படிக்கிறார். சறுக்கலின் பெரும்பங்கு இங்கேதான் என்பது எங்கள் கணிப்பு. அதைத் திருத்த முடியும், செலவும் அதிகமில்லை. ஆனால் முதல் இன்டர்னல், அதாவது செமஸ்டர் நடுவில் கல்லூரியே நடத்தும் உள்மதிப்பீட்டுத் தேர்வு, முடிந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

இங்கே வரும் மாணவர் தனி ஒருவர் அல்ல. முதலாண்டில் திரும்பத் திரும்பக் காணும் நிலைமைகளை ஒரே ஆளாகத் தொகுத்திருக்கிறோம். மதிப்பெண்களும் கணக்கை விளக்குவதற்காக வைத்தவையே. விதிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 விதிமுறைப்படி. வேறு விதிமுறையில் படிப்பவர்கள் எண்களை மட்டும் தங்கள் விதிப்புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பின்னணி

தமிழ்வழி அரசு மேல்நிலைப் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் 84, இயற்பியல் 78, வேதியியல் 80. கட்-ஆஃப் கணக்கில் கணிதம் முழுதாக, மற்ற இரண்டும் பாதியாகச் சேர்த்து 200-க்கு 163. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இ.சி.இ. பிரிவில் இடம். வீட்டில் முதல் பட்டதாரி. ஹாஸ்டல்.

பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு இந்த ஒதுக்கீடு 2021-ல் வந்தது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது பெரிய ஆறுதல். ஆனால் கையிலிருந்து போகும் சில்லறைச் செலவு இதில் அடங்காது: ரெக்கார்ட் நோட்டு, லேப் கோட், கால்குலேட்டர், இரண்டாம் செமஸ்டரில் மினி டிராஃப்டர், ஊருக்குப் போகவர பஸ் காசு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் (2022), ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. அந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இணைக்காமல் விட்டுவிட்டு, பணம் ஏன் வரவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. சேர்ந்த முதல் வாரத்திலேயே வங்கிக்குப் போய் முடித்துவிட வேண்டிய வேலை இது.

எந்த இடத்தில் சறுக்கியது

பள்ளியில் கணிதம் எப்படி நடந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஆசிரியர் மேற்பார்வையில் படிப்பு, சனிக்கிழமை ஸ்லிப் டெஸ்ட். ஒரே பயிற்சிக் கணக்கு வகுப்பில் ஒருமுறை, வீட்டுப் பாடமாக ஒருமுறை, திருப்புதல் தேர்வில் இன்னொருமுறை என்று கைக்கு வந்துகொண்டே இருக்கும். எதை, எப்போது, எத்தனை தடவை போட வேண்டும் என்பதை மாணவர் முடிவு செய்ததே இல்லை.

முதல் செமஸ்டரின் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' தாளில் ஐந்து யூனிட், 60 பீரியட். யூனிட்டுக்கு 12 பீரியட், வாரத்துக்கு நான்கு. ஆக, மூன்று வாரத்துக்கு ஒரு யூனிட் முடிந்துவிடும். கவுன்சிலிங் சுற்றுகளில் தாமதமாக இடம் கிடைத்தவர்களுக்கு இதுவும் சுருங்கும். ஆசிரியர் ஒரு வகைக்கு இரண்டு கணக்கு போட்டுக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். மீதியை மாணவரே போட்டுப் பார்க்க வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னாலும் எப்படி என்று காட்டுவதில்லை.

நம் மாணவருக்கு முதல் வாரம் சுகமாகவே போனது. அணிகளும் அணிக்கோவையும் பன்னிரண்டாம் வகுப்பிலேயே பார்த்தவை. ஐகன்வேல்யூ (ஓர் அணிக்குரிய சிறப்பு மதிப்பு) புதிது. ஆனாலும் ஆசிரியர் போடும்போது ஒவ்வொரு வரியும் புரிந்தது. நோட்டில் அழகாக எழுதிக்கொண்டார். தேர்வுக்கு முந்தைய இரவு அந்த நோட்டை மூன்று முறை படித்தார்.

இன்டர்னலில் வந்த இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று: ஒரு 2×2 அணியின் மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல் 4, அணிக்கோவையின் மதிப்பு 3, அதன் நேர்மாறு அணியின் ஐகன்வேல்யூக்கள் என்ன? மூலைவிட்டக் கூடுதலே ஐகன்வேல்யூக்களின் கூடுதல், அணிக்கோவையே அவற்றின் பெருக்கல்; கூடுதல் 4, பெருக்கல் 3, ஆகவே அவை 1, 3. நேர்மாறுக்கு 1, 1/3. இரண்டு வரி விடை. முழு அணியைக் கொடுத்திருந்தால் சிறப்புச் சமன்பாடு எழுதி ஐகன்வெக்டர் வரை மாணவர் போட்டிருப்பார். அணியே கொடுக்காததால் கேள்வியை அப்படியே விட்டுவிட்டார். பாடம் அவருக்குத் தெரியும். போட்டுக்காட்டிய வடிவத்துக்கு வெளியே அதைத் தொட்டதில்லை, அவ்வளவுதான். 60-க்கு 19.

திரும்பி வந்த தாளோடு வகுப்பு மென்டரிடம் (வழிகாட்டி ஆசிரியரிடம்) போனபோது நடந்த பேச்சு, இந்தச் சூழலில் எங்கும் கேட்கக்கூடியதுதான்.

"கிளாஸ்ல எல்லாம் புரியுது சார். எக்ஸாம்லதான் வர மாட்டேங்குது."

"சரி தம்பி. நோட்ட மூடி வை. நோட்ல இருக்கிற மூணாவது கணக்க இப்ப இந்தத் தாள்ல போடு."

முதல் மூன்று வரி வந்தது. நான்காவது வரியில் பேனா நின்றது. இந்த ஐந்து நிமிடச் சோதனையை எந்த மென்டரும் செய்யலாம். மொழி தடையா, அடிப்படை போதவில்லையா, படித்த முறையில் கோளாறா என்று ஓரளவு பிரித்துக் காட்டிவிடும். கேள்வியே புரியாமல் விழித்தால் மொழி. பின்னங்களைக் கூட்டுவதிலோ குறி மாற்றுவதிலோ தடுக்கினால் அடிப்படை. பாதி வரை சரியாக வந்து அப்படியே நின்றால் வாசித்திருக்கிறார், போட்டுப் பார்க்கவில்லை. இவர் மூன்றாம் வகை.

இன்டர்னல் மதிப்பெண்ணின் விலை

இதை மாணவர்களுக்கு முதல் நாளே கரும்பலகையில் போட்டுக் காட்ட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வோம். தியரி தாளுக்கு உள்மதிப்பீடு 40, பல்கலைக்கழகத் தேர்வு 60 (100-க்கு எழுதுவதை 60-க்குச் சுருக்குவார்கள்). உள்மதிப்பீடு இரண்டு, ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட் போன்றவற்றுக்கு 40. இரண்டும் சேர்ந்த 200-ஐ 40-க்குச் சுருக்குவார்கள். தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும். அதோடு பல்கலைக்கழகத் தேர்வில் தனியாக 45 சதவீதமும் வேண்டும்.

இதிலிருந்து வருவது: உள்மதிப்பீட்டில் 23-ஓ அதற்கு மேலோ வைத்திருப்பவர் 100 மதிப்பெண் தாளில் 45 எடுத்தால் போதும். 15 வைத்திருப்பவர் 59 எடுக்க வேண்டும். 10 வைத்திருப்பவர் 67. உள்மதிப்பீட்டில் விடும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் கடைசித் தாளில் ஒன்றே முக்கால் மதிப்பெண்ணுக்குப் பக்கமாகச் சுமை ஏற்றுகிறது. 'செமஸ்டர்ல பாத்துக்கலாம்' என்ற பேச்சு எவ்வளவு தவறு என்பதற்கு வேறு அறிவுரை தேவையில்லை. அசைன்மென்ட்டை நாள் தவறாமல் கொடுப்பவர், எழுத்துத் தேர்வில் சுமாராக எழுதினாலும் 23-ஐ எட்டிவிடலாம்.

வருகைப்பதிவிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. நம் மாணவர் வெள்ளிக்கிழமை மதியமே ஊருக்குப் பஸ் ஏறினார். திங்கள் காலை இரண்டு பீரியட் கழித்து வந்தார். வாரத்துக்கு 35 பீரியடில் நான்கு போயிற்று, அதாவது 11 சதவீதம். செமஸ்டர் முழுவதற்கும் 75 சதவீதம் வேண்டும் என்ற விதியில், தவறவிடக்கூடிய 25-ல் பாதி இப்படியே கரைகிறது. ஒரு காய்ச்சல் வந்தால் முடிந்தது. 65-க்கு மேல் 75-க்குள் இருப்பவர்கள் உரிய மருத்துவக் காரணத்தைச் சான்றோடு காட்டி விலக்குப் பெறலாம். 65-க்குக் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. இவருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. திங்கள் முதல் பீரியட் கணிதம். வாரத்தின் நான்கில் ஒன்று போனது. ஒவ்வொரு வகுப்பும் முந்தையதன் மேல் ஏறி நிற்கும் பாடத்தில், செவ்வாய்க்கிழமை வகுப்பும் பாதிதான் புரியும்.

ஊருக்குப் போகாதே என்று சொல்வது சரியில்லை. முதல் இரண்டு மாதம் வீட்டு நினைப்பு வருவது இயல்பு. ஒரேயடியாக வெட்டிக்கொண்டால் இன்னும் மோசமாகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெள்ளி கடைசி பீரியட் முடித்துவிட்டுக் கிளம்பி, ஞாயிறு இரவே ஹாஸ்டலுக்குத் திரும்புவது என்று முடிவானது. அம்மா போனில் "படிக்கிறியாப்பா?" என்று கேட்டால் "ம்" என்பதோடு நிறுத்தாமல், இன்டர்னலில் 19 என்பதைச் சொல்லச் சொன்னார் மென்டர். வீட்டுக்கு மறைப்பது தொடங்கினால் மென்டருக்கும் மறைப்பது தொடங்கும், பிறகு வகுப்புக்கு வருவதே குறையும். இந்த வரிசை எங்களுக்குப் பழக்கமானது.

தனியாகப் படிப்பது ஏன் தோற்கிறது

1970-களின் நடுவில், அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரீஸ்மன் என்ற கணிதக்காரர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். முதலாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு பேர் தோற்கிறார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் ஏன் நன்றாகச் செய்கிறார்கள்? ஆசிரியர்களைக் கேட்டால் ஆர்வமின்மை, அடிப்படைக் குறைவு, குடும்ப ஆதரவின்மை, வறுமை என்றார்கள். அவர் இரு பிரிவிலும் இருபது இருபது பேரை எடுத்து, அவர்கள் எங்கே, எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். சொல்லப்பட்ட காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கறுப்பின மாணவர்கள் ஊக்கத்தோடுதான் வந்திருந்தார்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் படி என்று சொன்னதைக் கேட்டு, வாரம் எட்டு மணி நேரம் ஒழுங்காகப் படித்தார்கள். ஆனால் ஏறக்குறைய எல்லோரும் தனியாகவே படித்தார்கள். சீன மாணவர்கள் வாரம் பதினான்கு மணி நேரம் வரை செலவிட்டார்கள். தனியாகப் போட்டுவிட்டு, மாலையில் கூடி விடைகளை ஒப்பிட்டார்கள், ஒருவர் தவறை ஒருவர் திருத்தினார்கள். எல்லோருக்கும் வராத கணக்கு எது, தனக்கு மட்டும் வராதது எது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தனியாகப் படிப்பவருக்குத் தெரியாமல் போவது இதுதான். ஒரு கணக்கு வரவில்லை என்றால், கணக்கே கடினமா, தான் மந்தமா என்று அவருக்குப் புரியாது. பெரும்பாலும் இரண்டாவதையே நம்பிவிடுவார்.

ட்ரீஸ்மன் 1978-ல் தொடங்கிய பயிற்சி வகுப்புகளைப் பின்தங்கியோருக்கான சிறப்பு வகுப்பாக நடத்தவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாகப் போடவைத்தார். நம் கல்லூரிகளில் அரியர்காரர்களைத் தனியாகப் பிரித்து உட்காரவைத்து, முதல் பாடத்திலிருந்து திரும்ப நடத்தும் வழக்கம் இருக்கிறது. உட்காரும் மாணவருக்கு வெட்கம், கற்பது அதே சுலபமான கணக்கு. எங்கள் பார்வையில் அது நேரத்தைத் தின்கிறது.

செய்தது என்ன

ஐந்து பேர் குழு. மூவருக்கு மேலும் ஆறு பேருக்குள்ளும் இருப்பது நல்லது; எட்டுப் பேர் சேர்ந்தால் இருவர் போடுவார்கள், மீதிப் பேர் பார்ப்பார்கள். ஒரே அறை நண்பர்கள் மட்டும் சேர்ந்தாலும் அரை மணியில் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும். அதனால் மென்டர் இரண்டு அறைகளிலிருந்து சேர்த்தார். வீட்டிலிருந்து வந்துபோகும் ஒரு டே ஸ்காலரையும் சேர்க்கப் பார்த்தார்கள், பஸ் நேரம் ஒத்துவரவில்லை. செவ்வாய், வியாழன் இரவு ஏழு முதல் ஒன்பது. இடம் ஹாஸ்டல் ரீடிங் ரூம். வார்டனிடம் சொல்லி ஒரு பழைய கரும்பலகையும் சாக்பீஸும் வாங்கிக்கொண்டார்கள். ஹாஸ்டல் அறையின் கட்டிலில் உட்கார்ந்து இது நடக்காது.

முதல் இருபத்தைந்து நிமிடம் எல்லோரும் நோட்டை மூடிவைத்து, ஒரே தாளில் உள்ள நான்கு கணக்கைத் தனித்தனியாகப் போட வேண்டும். பேசக் கூடாது. பிறகு விடைகளை ஒப்பிடுவது. வேறுபடும் கணக்கைப் பலகையில் போடுவது. போடுகிறவர் நன்றாகத் தெரிந்தவர் அல்ல. தவறாகப் போட்டவர் சாக்பீஸைப் பிடிப்பார், தெரிந்தவர் வாயால் மட்டும் கேள்வி கேட்பார். தெரிந்தவர் கையில் சாக்பீஸ் போனால் அது இன்னொரு லெக்சர் ஆகிவிடும், எல்லோரும் மறுபடி 'புரியுது' என்று தலையாட்டுவார்கள். விடையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும்.

கணக்குத்தாளை யார் தயாரிப்பது என்பதில்தான் இது நிற்கும், விழும். மாணவர்களே தேர்ந்தெடுத்தால் தெரிந்த கணக்கையே எடுப்பார்கள். பழைய வினாத்தாள்களிலிருந்து இரண்டு, வகுப்பில் போட்டதைக் கொஞ்சம் திருப்பியது ஒன்று, யாருக்கும் உடனே வராத ஒன்று என்று ஆசிரியரோ மூன்றாமாண்டு சீனியரோ எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. இங்கே அது இரண்டாவது வாரம் நின்றுபோனது, குழுவும் ஒரு வாரம் வெறும் நோட்டு வாசிப்பாக இறங்கியது. ஆசிரியர் செமஸ்டர் முழுவதற்கும் சேர்த்து ஒரே தடவையாகத் தாள்களை எழுதிக் கொடுத்த பிறகுதான் சரியானது.

மொழிக்கு இரண்டு சிறு ஏற்பாடுகள் போதுமாக இருந்தன. நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு பத்தி: வகைக்கெழுவுக்கு எதிரே டெரிவேட்டிவ், தொகையிடலுக்கு எதிரே இன்டக்ரேஷன், சார்புக்கு எதிரே ஃபங்ஷன். ஒரு யூனிட்டுக்கு இருபது சொல்லுக்கு மேல் தேறாது. பள்ளியில் படித்தது எதுவும் வீணாகவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது என்பது அந்தப் பட்டியலைப் பார்த்ததும் மாணவருக்கே தெரிந்துவிடும். அடுத்தது லேப் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. ஒவ்வொரு சோதனைக்கும் வழக்கமாகக் கேட்கும் ஐந்தாறு கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் ஒற்றை வாக்கிய விடையை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது. மனதுக்குள் சொல்லிப் பழகியது எக்ஸாமினர் முன் வாயில் வராது.

பைத்தான் புரோகிராமிங் தாளில் வேறு வகைத் தடுமாற்றம். லேப்டாப் இல்லாததால் போனில் கோட் அடித்துப் பார்த்தார். இடைவெளி தவறி 'இன்டென்டேஷன் எரர்' வந்துகொண்டே இருந்தது. லேப் திறந்திருக்கும் மாலை நேரத்தை ஹெச்.ஓ.டி.யிடம் (துறைத் தலைவரிடம்) கேட்டு வாங்கியதில் பாதி தீர்ந்தது. பிழைச் செய்தியின் கடைசி வரியை முதலில் படி, பிறகு வரி எண்ணைப் பார் என்று பழக்கியதில் மீதி. தியரி தேர்வு தாளில்தான் எழுத வேண்டும் என்பதால், இயங்கிய புரோகிராமை ஒருமுறை பேனாவால் பார்க்காமல் எழுதிப் பழகவும் வேண்டும். இதை மறந்து, கம்ப்யூட்டரில் நன்றாகச் செய்தும் தாளில் கோலனையும் இடைவெளியையும் விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

குழு தீர்க்காதவை

மெஸ்ஸுக்கு வராமல் இருப்பது, பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பது, குளிக்காமல் ஒரே சட்டையில் இருப்பது, யாரிடமும் பேசாதது, 'நான் இருந்து என்ன' என்பது போன்ற சொற்கள் – இவை இரண்டு வாரம் தொடர்ந்தால் படிப்புக் குழுவால் ஆகாது. அதுவும் கடைசியாகச் சொன்னது ஒருமுறை காதில் விழுந்தாலே போதும், காத்திருக்கக் கூடாது. கல்லூரி ஆலோசகர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 அல்லது தமிழக அரசின் 104 எண்ணில் தமிழிலேயே பேசலாம். அறைத்தோழர்கள் மாணவரைத் தனியாக விடாமல் வார்டனிடம் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது.

ராகிங்கும் அப்படியே. தமிழ்நாட்டில் 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பின் 1997-ல் தனிச் சட்டமே வந்தது. 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணில் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். சீனியருக்கு ரெக்கார்ட் எழுதிக் கொடுக்கும் 'சின்ன' வேலையும் யூ.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2009 விதிகளில் ராகிங்தான். இரவில் மூன்று மணி நேரம் அதில் போனால் எந்தப் படிப்பு முறையும் நிற்காது.

முடிவு

இரண்டாம் இன்டர்னலில் கணிதம் 60-க்கு 38. அசைன்மென்ட்டுகளோடு சேர்த்து உள்மதிப்பீடு 40-க்கு 24. பல்கலைக்கழகத் தேர்வில் 51, அதாவது 60-க்கு 30.6. தேர்ச்சி. பிரமாதம் இல்லை, ஆனால் 19-ல் இருந்து வந்தவருக்கு இது போதும். கணிதத் தாளில் இரண்டு மதிப்பெண் பகுதியில் பத்தில் எட்டு கேள்விகளைத் தொட்டது அதில் பெரிய பங்கு.

வேதியியலில் அரியர். இது ஏன் என்று விளக்கியாக வேண்டும், ஏனென்றால் திட்டத்தில் இருந்த ஓட்டை இது. உள்மதிப்பீடு 28, நன்றாகவே இருந்தது. அந்தத் தைரியத்தில் கடைசி மூன்று வாரம் எல்லா நேரமும் கணிதத்துக்கும் பைத்தானுக்கும் போனது. தேர்வில் 41. அது 60-க்கு 24.6, மொத்தம் 52.6, ஐம்பதைத் தாண்டுகிறது. ஆனால் 45 சதவீதம் என்ற தனி வரம்பில் நான்கு மதிப்பெண் குறைவு. மொத்தத்தை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு, ரிசல்ட்டில் பிழை என்று மாணவர் நினைத்தார். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது 13 மதிப்பெண் கேள்விகளில் வினைச் சமன்பாடும் பெயரிட்ட படமும் இல்லாமல் பத்தி பத்தியாக எழுதியிருந்தது தெரிந்தது. பாட ஆசிரியரிடம் நகலைக் காட்டினார்கள். மறுமதிப்பீட்டில் நான்கு கூடும் வாய்ப்பு குறைவு என்றார். விண்ணப்பிக்கவில்லை.

இரண்டாம் செமஸ்டரில் குழு தொடர்கிறது. செவ்வாய் கணிதத்துக்கு, வியாழன் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸுக்கு. கிராஃபிக்ஸில் படத்தை வகுப்பிலேயே முடிக்காமல் ஹாஸ்டலுக்கு எடுத்துப்போனால் நண்பரின் ஷீட்டைக் காப்பியடிப்பதில்தான் முடியும் என்பதால், வியாழக்கிழமை புதுப் படம் போடுவதில்லை. அன்று போட்டதை டிராஃப்டர் இல்லாமல் வெறும் கையால் மறுபடி வரைந்து, எந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். வேதியியல் அரியருக்கு ஞாயிறு காலை ஒரு மணி நேரம், வாரம் ஒரு கேள்வி, படமும் சமன்பாடும் சேர்த்து முழு விடையாக எழுதுவது. ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், புதுத் தாள்களோடு சேர்ந்து அதுவும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். எழுதிய விடைகளை வேதியியல் ஆசிரியர் திங்கள்கிழமை மதியம் பார்த்துத் தருகிறார்.